வாசக மேடையில் யாருடைய தமிழ்?

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்காடு மலையில், கிளியூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றின் லயன் வீட்டில் வளரும் பதினான்கு வயதுச் சிறுமி முதல் வாசகம் வாசிக்க மேடையேறினாள். ஒரு வாரமாக வீட்டில் படித்துப் பழகி வந்திருந்தாள். நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தினாள். கடைசி வரிசை முதியவர்க்கும் கேட்குமாறு வாசித்தாள். முடிவில் அருள்வாக்கு என்னும் சொல்லைச் சொல்லும்போது, பெரியோர் முன் பேசிப் பழகிய நாவின் வழக்கத்தால் ஓர் ‘ங்க’வையும் சேர்த்துவிட்டாள். “அருள்வாக்குங்க” என்றாள்.

கோயில் சிரித்தது. இறைவனுக்கு நன்றி கூற வேண்டிய பதிலுரை அந்தச் சிரிப்பில் மூழ்கிப்போயிற்று. உள்ளதைச் சொன்னால், பீடத்தருகே அமர்ந்திருந்த நானும் புன்னகைத்தேன். அதை அவள் பார்த்தாள்.

அந்த வாரமே பங்குப்பேரவைக் கூட்டத்தில் இது பேசுபொருளாயிற்று. பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “ஃபாதர், தமிளை ஒளுங்கா உச்சரிக்கத் தெரிஞ்சவங்களை மட்டும் வாசிக்க விடுங்க” என்றார். நகரத்துப் பள்ளிகளில் படித்த சிலரின் பெயர்களையும் கொடுத்தார். அவர் நல்லவர், கோயிற் பணிக்கு இரவு பகல் பாராதவர். அவரிடம் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன். அவர் கூறிய வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னபோது, “நானா? நான் தமிள்னு சரியாத்தானே சொன்னேன்!” என்று வியந்தார்.

அவரை நகைக்க எனக்கு உரிமையில்லை. என் மறையுரை ஒன்றைக் கைப்பேசியிற் பதிவுசெய்து தனியே அமர்ந்து கேட்டேன். நிதானமாகப் பேசிய முதற் பகுதியில் ழகரம் ழகரமாகவே இருந்தது. உணர்ச்சி மேலிட்ட இடங்களில் ‘வாள்க்கை’யும் ‘வளி’யும் தாராளமாக வந்திருந்தன. பிறர் பேச்சில் எள்ளளவு வேறுபாட்டையும் கண்டுபிடிக்கும் காது, தன் வாயிலிருந்து வருவதைக் கேட்பதில்லை. நம்மில் ஒவ்வொருவரும் தம்மிடம் வழக்கு எதுவும் இல்லை என்றும், அது பிறரிடம் மட்டுமே ஒட்டியிருப்பது என்றும் நம்புகிறோம். சேலத்தான் ‘பளம்’ என்பான்; வடாற்காட்டான் ‘பயம்’ என்பான்; இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆங்கிலத்துக்காவது ஒரே சரியான உச்சரிப்பு உண்டு என்று எண்ணுவோர் நம் மலையில் மிகுதி. நூறாண்டுக்கு மேலாக விடுதிப் பள்ளிகள் நடைபெறும் ஊர் இது. அப்பள்ளிகளைத் தோற்றுவித்த துறவற சபைகளில் ஆங்கில நாட்டில் அன்றி, பிரான்சில் பிறந்தவையும் உண்டு என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இங்கிலாந்திலேயோ நிலைமை என்ன? ‘சரியான’ உச்சரிப்பு எனப் போற்றப்படுவதைப் பேசுவோர் அங்கு மிகச் சிலரே. யார்க்ஷயரைச் சேர்ந்த வில்பிரட் பிக்கிள்ஸ் என்பவரை 1941இல் பி.பி.சி. வானொலி நாட்டுச் செய்தி வாசிக்க அமர்த்தியபோது, வடநாட்டு நாக்கில் செய்தி கேட்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. போர்ச் செய்தியைவிட அதை வாசித்த நாக்கே சிலர்க்குப் பெரிதாய்ப் போயிற்று! பர்மிங்காம் நகரத்தார் பேச்சை அந்நாட்டு மக்களே 1970 முதல் நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கடைசி வரிசையில் வைத்துவந்திருக்கிறார்கள்.

உண்மையிலேயே சில ஒலிகள் அழகற்றவை அல்லவா என்று கேட்கலாம். இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. 1974இல் வெளியான ஆய்வு ஒன்றில், கிரேக்க மொழியே அறியாத பிரித்தானிய மாணவர்களுக்கு இருவகைக் கிரேக்கப் பேச்சை ஒலிபரப்பிக் காட்டினார்கள். ஒன்று தலைநகர் ஏதென்சின் பேச்சு. கிரேக்கர் உயர்ந்ததெனக் கொள்வது. மற்றது கிரீட் தீவின் பேச்சு, தாழ்ந்ததெனக் கருதப்படுவது. கேட்ட மாணவர்களால் எது இனியது, எது மதிப்புக்குரியது என்று வேறுபடுத்த இயலவில்லை. இனிமையும் இழிவும் ஒலியிலேயே இருந்திருந்தால் அவர்கள் காதிலும் அவை பட்டிருக்க வேண்டும். பேசுபவன் யார், அவன் வீடு எங்கே, அவன் தகப்பன் என்ன தொழில் செய்கிறான் என்பவற்றை அறிந்த பின்னரே நம் காது தீர்ப்புச் சொல்கிறது. லயன் வீட்டுச் சிறுமியின் ‘ங்க’ சிரிப்பூட்டியது; அதே ‘ங்க’ தோட்ட உரிமையாளர் வாயில் வரும்போது பணிவு என்று பாராட்டப்படுகிறது.

இந்த மலையின் பூர்விக மக்களைப் பாருங்கள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தோர் எனத் தம்மைப் பற்றிக் கதை கூறுவோர் அவர்கள். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் மலையாளிகள் எனப்படுவோர். அவர்கள் பேசுவது தமிழ். ஆனால் சமவெளியிலிருந்து வருவோர், பெயரைக் கேட்டதும் கேரளத்தார் என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். பேச்சைக் கேட்டதும் ‘இது என்ன பாசை?’ என்கிறார்கள். சந்தையில் தம் மிளகுக்கு விலை பேச வரும் மலையாளிப் பெரியவர், வியாபாரியின் ஏளனத்துக்கு அஞ்சி இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். பேச்சைக் குறைத்தவர்க்கு விலையும் குறைந்தது.

இனி மறைநூலுக்கு வருவோம். தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த பேதுருவை அடையாளம் காட்டியது எது? அவருடைய உடையும் முகமும் அல்ல, பேச்சே. கலிலேயர் தொண்டையொலிகளைக் குழப்பிப் பேசுவர் என்று எருசலேமில் ஏளனம் உண்டு. யூதரின் தல்மூதில் ஒரு வேடிக்கைக் கதை வருகிறது. கலிலேயன் ஒருவன் சந்தையில் ஒரு பொருளைக் கேட்கிறான். அவன் கேட்டது கழுதையா, திராட்சை இரசமா, கம்பளியா, ஆட்டுக்குட்டியா என்று எவர்க்கும் விளங்கவில்லையாம். அந்தச் சிரிப்பைத்தான் பேதுரு அஞ்சினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அஞ்சியது உயிருக்கு. ஆயினும் நாசரேத்தில் வளர்ந்த நம் ஆண்டவரும் அந்தக் கலிலேய நாவினராகவே இருந்திருப்பார் அல்லவா? மலைமேல் அமர்ந்து அவர் கூறிய பேறுகள் எருசலேமின் படித்த காதுகளுக்குப் பட்டிக்காட்டு உச்சரிப்பாகவே ஒலித்திருக்கும். நம் வாசக மேடைக்கு அவரை விட்டிருப்போமா?

நீதித்தலைவர்கள் நூலில் கொடியதொரு நிகழ்ச்சி உண்டு. யோர்தான் துறையில் தப்பியோடுபவர்களை நிறுத்தி ‘ஷிபோலெத்’ என்று சொல்லச் சொன்னார்கள். ‘சிபோலெத்’ என்றவர்கள் வெட்டப்பட்டார்கள். எப்ராயிமர் மாண்டது 42,000 பேர் என்கிறது அந்நூல். பழங்கதை என ஒதுக்கிவிட வேண்டா. 1983இல் இலங்கையில் கலகக் கும்பல்கள் வழிமறித்தவர்களைச் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் செய்து தமிழர் என்று கண்டுகொண்டன. கோயிலில் எழுந்த சிரிப்பையும் அந்தக் கொலைகளையும் ஒரே தட்டில் நிறுத்தேன். ஆனால் ஒருவன் நாக்கை வைத்து அவன் நம்மவன் அல்லன் என்று முடிவுசெய்யும் பழக்கம் இரண்டிலும் இருக்கிறது.

தூய தமிழைக் காக்க வேண்டாமா என்பார் சிலர். அத்தூய தமிழின் முதல் இலக்கணத்தையே கேட்போம். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பன்னிரு நிலத்தின் வழக்குச் சொற்களுக்குப் புலவரின் பாட்டிலேயே இடம் கொடுத்தார். நம் திருச்சபையின் வரலாறும் அதைத்தான் சொல்லுகிறது. ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறையில் பரதவரிடம் கேட்டுக் கற்ற தமிழுக்கு இலக்கணம் வகுத்தார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்க’த்தில் அக்கடற்கரைப் பேச்சின் உப்பு மணக்கிறது. தமிழில் அச்சுக்கண்ட முதல் நூல்களில் ஒன்று கடலோடிகளின் நாவை ஒதுக்கவில்லை. ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவரோ செந்தமிழுக்கு இலக்கணம் எழுதுவதற்கு முன்பே, 1728இல், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதிவிட்டார். இத்தாலியிலிருந்து வந்தவர்க்கு அது இலக்கணம் எழுதத் தக்கதாகத் தோன்றிற்று. சேலத்தில் பிறந்த நமக்குச் சிரிக்கத் தக்கதாகத் தோன்றுகிறது!

வாசகர்க்குப் பயிற்சி வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. தெளிவு வேண்டும்; முன்னரே படித்துவர வேண்டும்; பொருள் உணர்ந்து வாசிக்க வேண்டும். லகர ளகர ழகர வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். பேரவை உறுப்பினர்களும் அந்த வகுப்புக்கு வரலாம். முணுமுணுப்பவரும், ஆங்கில இராகத்தில் தமிழை இழுப்பவரும் திருத்தப்பட வேண்டியவரே. ஆனால் இவர்களைப் பற்றி எவரும் இதுவரை பேரவையில் எழுந்து முறையிட்டதில்லை. முறையீடு எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே செல்கிறது.

இதை இவ்வளவு கடுமையாக எழுதுவதற்கு என் வாழ்விலும் ஒரு காரணம் உண்டு. நான் சேலம் மாவட்டத்து மேற்குப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. விருந்தினரை ஒறம்பரை என்றும், திருவிழாவை நோம்பி என்றும், வேலிகளுக்கு நடுவே செல்லும் தடத்தை இட்டாரி என்றும் சொல்லி வளர்ந்தவன். பதினெட்டு வயதில் குருமடம் சேர்ந்த முதல் வாரத்தில் உணவறையில் எழுந்து வாசித்தேன். என் இழுப்பைத் தோழர்கள் சேர்ந்திசையாகப் பாடிக் காட்டினார்கள். மறுநாள் முதல் நான் என் நாக்கைக் காவல் காக்கத் தொடங்கினேன். தத்துவமும் இறையியலும் கற்ற ஆண்டுகளில் அதனை முற்றாகத் துடைத்துவிட்டேன் என்றே எண்ணினேன். என் முதல் திருப்பலி முடிந்ததும் என் தாய் அருகே வந்து, “சாமி, ரொம்ப நல்லாப் பேசுனீங்க. ஆனா எங்கூட்டுப் பையன் பேசுன மாதிரி இல்லீங்க” என்றார். மகனைச் சாமி என்றும் ‘ங்க’ போட்டும் அழைத்த அந்தப் பேச்சில் இருந்த மரியாதையைத்தான் அச்சிறுமி அருள்வாக்கோடு சேர்த்தாள். அதைக் கேட்டு நான் புன்னகைத்தேன்.

மறுவாரம் அவர்களுடைய லயன் வீட்டுக்குச் சென்றேன். அவள் தாய் வாசலிலேயே நின்று, “அவ இனிப் படிக்கமாட்டாளுங்க சாமி. நோம்பிக்கு வேணும்னா பூக் கட்டிக் குடுத்தர்றோமுங்க” என்றார். சிறுமி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. நான் வாசற்படியில் அமர்ந்து, சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை, தேநீர் வந்தது.

அடுத்த மாதத்து வாசகர் பட்டியலைக் கோயில் கதவில் ஒட்டியிருக்கிறேன். இரண்டாம் ஞாயிற்றுக்கு நேரே அவள் பெயர் இருக்கிறது. அதனைத் திருத்துமாறு கேட்டு இதுவரை இருவர் வந்துவிட்டார்கள். அவள் வரவில்லையெனில் அன்று முதல் வாசகத்தை நானே வாசிப்பேன், என் தாய் கேட்டிருந்தால் தம் வீட்டுப் பையன் என்று அறிந்துகொள்ளும் உச்சரிப்பில்.