எடை பார்க்காமலே எழுதும் எடை

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போகும் என் பேரனுக்கு இரண்டரை வயது. போன மாதம் வயிற்றுப்போக்கில் துவண்டு, விலா எலும்பு தெரிய எழுந்தான். அந்த மாத வளர்ச்சி அட்டையிலோ அவன் 200 கிராம் ஏறியிருக்கிறான்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்திப் பார்த்தோம். அட்டையில் இருப்பதைவிட ஒரு கிலோவுக்கு மேல் குறைவு.

மையத்தில் விசாரித்தேன். டீச்சர் தொங்கு தராசைக் காட்டினார். பிள்ளையை உட்கார வைப்பதற்கு முன்பே முள் ஒன்றரை கிலோவில் நிற்கிறது. மாற்றித் தரும்படி பலமுறை எழுதிக் கொடுத்தும் வரவில்லையாம். அதனால் முந்தைய மாதக் கணக்கோடு கொஞ்சம் கூட்டி எழுதிவிடுகிறார்கள்.

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணியிடம் காலியாக உள்ள பக்கத்து ஊர் மையமும் அவருடைய கூடுதல் பொறுப்பில்தான் இருக்கிறது. அவர் அங்கே போகும் நாளில் ஆயா ஒருவரே அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். மீதி நேரத்தை, விவரங்களைப் பதிவேற்றும் செல்போன் செயலி விழுங்கிவிடுகிறது.

ஆனால் அட்டையில் தவறான எடை எழுதுவதை ஏதோ எழுத்துப் பிழை என்று விட்டுவிட முடியாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்ட விதிப்படி மையத்துக் குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறிப்பிட்ட அளவு கலோரியும் புரதமும் தர வேண்டும். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாகத் தர வேண்டும். யாருக்கு எது என்று தெரிய முதலில் எடை சரியாக இருக்க வேண்டும். மெலிந்த பிள்ளையைத் தேறியவன் என்று அட்டை காட்டினால், கூடுதல் சத்துமாவும் கிடையாது, மருத்துவரிடம் அனுப்பவும் ஆளில்லை.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். 1982-இல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த மாநிலத்தில், முட்டைக்கும் பருப்புக்கும் பணம் ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு ஒரு தராசு வாங்கித் தர முடியாதா?

அதிகாரிகளே, பழுதான தராசுகளை உடனே மாற்றுங்கள். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். மாதந்தோறும் பெற்றோர் கண்முன்னே எடை பார்த்து, அங்கேயே அட்டையில் எழுதிக் கையில் கொடுக்கச் சொல்லி உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு பாட்டி