பழைய விளையாட்டுகளின் பூட்டைத் திற!

விற்று லாபம் எடுத்தாகிவிட்டது. இனி விற்கப் போவதும் இல்லை. ஆனாலும் பூட்டைத் திறக்க மாட்டேன் என்கிறான் முதலாளி. பழைய வீடியோ விளையாட்டுகளைக் கையில் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளின் நியாயம் இதுதான்!

"கூலிக்கும் பஞ்சப்படிக்கும் போராடுகிறவனுக்கு விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு?" என்று தோழர்கள் கேட்கலாம். உழைப்பவன் செய்த பொருள் யாருக்குச் சொந்தம் என்ற பழைய வழக்குதான் தோழர்களே இது! புது வேஷம் போட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புடவையும் அட்டையும்

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் திருபுவனம். அங்கே பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. முந்திக்கு வேண்டிய பூவை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள். அட்டைகளைக் கோத்துப் பெட்டியில் மாட்டினால் எந்த இழை மேலே ஏற வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அட்டையே சொல்லிவிடுகிறது. 1804ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் உண்டாக்கிய முறை இது. இதே துளை அட்டை முறைதான் பின்னாளில் கம்ப்யூட்டருக்கும் கட்டளை கொடுக்கப் போயிற்று.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் அப்படி ஒரு அட்டைக் கட்டு உண்டு. பொம்மை எப்போது ஓட வேண்டும், எப்போது விழ வேண்டும் என்று மனிதன் எழுதிய கட்டளைகள் அவை. மூலநிரல் என்று அதற்குப் பெயர். கடையில் நமக்கு விற்பது புடவை மட்டும். அட்டைக் கட்டு கம்பெனியின் அலமாரியில்! புடவை நைந்து போனால் இழை இழையாக எண்ணிப் பார்த்துப் பூவைத் திரும்ப வரையலாம். அது மாளாத வேலை. அட்டை கிடைத்தால், தெரிந்த நெசவாளி எவரும் தறியில் உட்கார்ந்துவிடலாம்.

அலமாரியில் மக்கும் உழைப்பு

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் கணக்கெடுத்துச் சொன்னது. கம்பெனியாவது பத்திரமாக வைத்திருக்கிறதா? அதுவும் இல்லை! ஜப்பானின் கொனாமி கம்பெனி தனது "சைலன்ட் ஹில்" விளையாட்டுகளை 2012ல் புதுப்பித்து விற்கப் புறப்பட்டது. முடிந்த மூலநிரலைக் காணோம்! வேலை முடியாத பழைய பிரதியை வைத்துக்கொண்டு ஒட்டுப் போட வேண்டியதாயிற்று.

1989ல் வந்த "பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா"வை எழுதியவர் ஜோர்டன் மெக்னர். தொலைந்தே போனது என்று நினைத்திருந்த அதன் மூலநிரலை 2012ல் அவருடைய தகப்பனார்தான் பெட்டியில் கண்டெடுத்தார். மெக்னர் அதே வருஷம் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். தகப்பனார் குப்பையில் போட்டிருந்தால் கதை முடிந்தது!

பிரான்சின் யூபிசாஃப்ட் கம்பெனியின் அக்கிரமம் இன்னும் பெரிது. 2014ல் விற்ற "தி க்ரூ" விளையாட்டை 2024 மார்ச் 31ல் நிறுத்திவிட்டது. அது கம்பெனியின் கம்ப்யூட்டரோடு இணைந்தே ஓடுவது. ஆகவே காசு கொடுத்து வாங்கியவன் கையிலிருந்த பிரதியும் அன்றோடு செத்தது. இந்த அநியாயத்தை எதிர்த்து ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. அது செய்வது வேறென்ன?

முதலைக் கண்ணீர்

"மூலநிரலை ஊருக்குக் கொடுத்தால் எங்கள் வியாபாரம் படுத்துவிடும்" என்று கூப்பாடு போடுகிறார்கள். பொய்! "டூம்" என்ற விளையாட்டு 1993ல் வந்தது. அதைச் செய்த இட் சாஃப்ட்வேர் கம்பெனி 1997ல் மூலநிரலை வெளியிட்டது. படங்களையும் இசையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. இன்றும் டூம் விற்கிறது! எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ராட்சசக் கம்பெனி 2020லும் 2025லும் "கமாண்ட் அண்ட் காங்கர்" வரிசை விளையாட்டுகள் சிலவற்றின் மூலநிரலைத் திறந்துவிட்டது. அது திவாலாகிவிட்டதா என்ன?

அடுத்த கூப்பாடு: "எழுதியவன் வயிற்றில் அடிக்கலாமா?" அடடா, என்ன கருணை! எழுதியவன் யார்? மாதச் சம்பளத் தொழிலாளி. நம் நாட்டின் 1957ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையில் இருந்தபடி எழுதியது முதலாளிக்கே சொந்தம். எழுதியவனிடமிருந்து முதல் நாளே பறித்துக்கொண்டவன் அவன் பெயரைச் சொல்லி அழுகிறான்!

பூட்டு எத்தனை காலம்? எழுதியவர் இறந்து 60 வருஷம். 1990ல் எழுதியவர் 2050ல் இறந்தால் 2110 முடியும் வரை பூட்டு! அதற்குப் பிறகும் மூலநிரலைக் கொடு என்று சட்டம் கட்டளையிடவில்லை. அதற்குள் அந்த டிஸ்க் மக்கி மண்ணாகிவிடும்.

பாரதிக்குச் செய்தோம்

இதற்கு வழி தமிழ்நாட்டுக்குத் தெரியும். பாரதி பாட்டுக்கு ஒரு காலத்தில் பூட்டு இருந்தது. அதன் சினிமா, இசைத்தட்டு உரிமை ஏவி.எம். கையில். எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1949ல் சென்னை சர்க்கார் பாரதியின் எழுத்தை வாங்கியது. பின்னர் அதைப் பொதுச் சொத்தாக்கியது. அவர் குடும்பத்துக்குப் பணமும் கொடுத்தது. யார் வயிற்றில் அடி விழுந்தது? பாட்டு வயற்காட்டுக்கும் ஆலை வாசலுக்கும் வந்தது!

இன்னொரு வழியும் கையில் இருக்கிறது. 1954ம் வருஷச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் வேறு மூன்று பெரிய நூலகங்களுக்கும் பதிப்பாளர் கொடுத்தாக வேண்டும். புத்தகத்துக்கு உள்ள கடமை விளையாட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

விளையாட்டோடு போகிற விஷயமா இது? அதுவும் இல்லை! அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனி, டிராக்டருக்குள் இருக்கும் நிரலைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, விவசாயி தானே பழுது பார்க்க விடாமல் தடுக்கிறது என்று அந்நாட்டு சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே 2025 ஜனவரியில் வழக்குப் போட்டது. இன்று விளையாட்டுக்குப் பூட்டு. நாளை நம் வயலில் இறங்கும் அறுவடை இயந்திரத்துக்கும், நம் ஆலைத் தறிக்கும்!

முதலாளி மனம் இரங்கித் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை கூடாது. தயவாக வருவதைச் சட்டமாக்க வேண்டும்.

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டின் மூலநிரலையும் பொது நூலகத்தில் முத்திரையிட்டு ஒப்படைக்கச் சட்டம் செய்!

கம்பெனி விற்பனையை நிறுத்திய நாளில் முத்திரையை உடைத்து ஜனங்களுக்குக் கொடு!

எழுதிய தொழிலாளியின் பெயரை அதில் பொறி!

தொழிற்சங்கக் கூட்டங்களில், கிராமசபைகளில், நூலகங்களில் இந்தக் கோரிக்கை ஒலிக்கட்டும்! உழைத்தவன் அட்டையைக் கட்டினான். உலகம் நெய்து பார்க்கட்டும்!