மறதியை அலட்சியம் என்று எழுதாதீர்கள்: எச்.ஐ.வி.யும் மூளை நலமும் குறித்து எங்கள் நிலைப்பாடு

எச்.ஐ.வி. உள்ளோரின் நினைவாற்றல், கவனம், சிந்தனை வேகம் ஆகியவற்றைப் பரிசோதிப்பது, எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களின் வழக்கமான பணியாக வேண்டும். அதன் முடிவைக் காட்டி எவருடைய வேலையையும் உரிமையையும் பறிக்கக் கூடாது. இவ்விரண்டையும் சேர்த்தே கோருகிறோம்.

ஏன் இந்தக் கோரிக்கை

எச்.ஐ.வி. உடலில் புகுந்த சில வாரங்களிலேயே மூளையை எட்டிவிடுகிறது. நரம்பணுக்களுக்குள் அது புகுவதில்லை. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியாவிலும் மேக்ரோபேஜ்களிலும் தங்குகிறது. அங்கிருந்து வெளிப்படும் வைரஸ் புரதங்களும் அழற்சிப் பொருள்களும் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளைச் சிதைக்கின்றன. மருந்தால் ரத்தத்தில் வைரஸ் அடங்கிய பிறகும் இந்த அழற்சி முழுதாகத் தணியாமல் போகலாம். சிகிச்சை தாமதமாகி, நோயெதிர்ப்பு அணுக்களான சி.டி.4-இன் எண்ணிக்கை மிகவும் இறங்கியவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

முறையாக மருந்து எடுப்பவர்களிடம் கடுமையான அறிவாற்றல் சிதைவு (டிமென்ஷியா) இன்று அரிது. ஆனால் லேசான பாதிப்பு மறையவில்லை. இந்தியாவில் பரவியுள்ள 'சி' வகை வைரஸ் மூளையை அவ்வளவாகத் தொடாது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. புனே, பெங்களூரு, சென்னையில் நடந்த ஆய்வுகள் இங்கும் பாதிப்பு உண்டு என்று காட்டின. 2004-இல் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. வழங்கத் தொடங்கியபோது மருந்துக்கு வந்தவர்களில் பலர் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவர்களின் மூளைக்குக் கூடுதல் சுமை.

இந்தப் பாதிப்பு சத்தமில்லாமல் வருகிறது. கடை நடத்துபவர் மீதிச் சில்லறை கொடுக்கத் தடுமாறுகிறார். இரவு மாத்திரை போட்டோமா இல்லையா என்று புரியாமல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது மாத்திரைக் கணக்கு ஒத்துப்போவதில்லை. 'மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை' என்று அட்டையில் ஏறுகிறது; கூடவே திட்டும் விழுகிறது. மறதியால் மாத்திரை தவறுகிறது. மாத்திரை தவறினால் வைரஸ் மீண்டும் பெருகுகிறது. அது மூளையை மேலும் வாட்டுகிறது.

பரிசோதனை எளிது

2005-இல் வெளியான சர்வதேச எச்.ஐ.வி. டிமென்ஷியா அளவுகோலுக்குக் கடிகாரம் ஒன்று போதும். முதலில் நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார்கள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐந்து விநாடி வேகமாகத் தட்ட வேண்டும். அடுத்து மேசைமேல் கையை முஷ்டியாக, விரித்து, பக்கவாட்டில் என மாறிமாறி வைக்க வேண்டும். கடைசியில் அந்த நான்கு சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும்.

மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்பதைத் தாண்டி அந்த மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை. படிப்புக் குறைவும் முதுமையும் மனச்சோர்வும் அதைக் குறைக்கும். சோதனையில் குறைந்த மதிப்பெண் எடுத்ததை மட்டும் வைத்து மூளை நோய் என்று முடிவுகட்டக் கூடாது என 2023-இல் சர்வதேச நிபுணர் குழுவும் பரிந்துரைத்தது.

எங்கள் கோரிக்கைகள்

1. ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் வைரஸ் அளவு (வைரல் லோடு) பார்க்கும்போதே இந்தப் பரிசோதனையும் நடக்கட்டும். நோயாளியின் சம்மதம் கட்டாயம்.

2. மதிப்பெண் குறைந்தால், சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் தேடுங்கள்: மனச்சோர்வு, பி12 குறைபாடு, தைராய்டு, மதுப்பழக்கம், சிபிலிஸ், காசநோய் அல்லது கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல்.

3. மாத்திரை தவறியவரைக் கண்டிக்கும் முன் அவருடைய நினைவாற்றலைப் பற்றிக் கேளுங்கள். கிழமை வாரியான மாத்திரைப் பெட்டி, கைப்பேசி அலாரம், அவர் சம்மதித்தால் வீட்டாரின் துணை என வழி செய்து கொடுங்கள்.

4. முடிவுகள் ரகசியமாக இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, பணிக்குத் தகுதியற்றவர் என்று ஒருவரை நீக்க, தகுதியும் சார்பின்மையும் உள்ள மருத்துவச் சேவை வழங்குநரின் எழுத்துபூர்வ மதிப்பீடு வேண்டும். மூன்று நிமிடச் சோதனை அதற்கு ஈடாகாது.

தொற்றோடு வாழ்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மறதி கூடினால், வேலையில் மந்தம் தெரிந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடும் தலைவலி, காய்ச்சல், வலிப்பு, திடீர்க் குழப்பம் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஐயம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது. எது வந்தாலும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் மூளைக்கும் முதல் பாதுகாப்பு அதுதான்.