ஆகச் சிறந்த வீரர் யார் என்று சண்டை பிடிக்க முன்…



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும் நேரம் வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை மைதானத்தில் பழைய மாணவர்களின் சிநேகபூர்வ ஆட்டம் ஒன்று நடந்தது. முடிந்த பிறகு, பிளேன்டீயும் கையுமாக வழமையான சண்டை தொடங்கியது. "நம்மட ஸ்கூல்ல விளையாடினவங்கள்ல ஆகத் திறமான ஆள் யாரு?" ஒவ்வொரு பேட்ச்காரரும் தங்கள் பேட்ச்சில் ஒருவரைச் சொன்னார்கள். ஆதாரம் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "நான் கண்ணால பார்த்தன்."

அடுத்த நாள் ஆசிரியர் அறையிலும் இதே பேச்சு. வேறு எங்காவது பாடசாலைப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி இப்படி உயிரைக் கொடுத்து வாதாடுகிறார்களா என்று நாங்கள் நாலைந்து பேர் தேடிப் பார்த்தோம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் அகப்பட்டது. அங்கே இது தலைமுறை தலைமுறையாக நடக்கும் சண்டை. வாசித்து முடித்தபோது எங்களுக்கும் ஒரு முடிவு உண்டானது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒரு விளக்கம். அவர்கள் 'ஃபுட்போல்' என்பது நம்முடைய உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோள்கவசம். ரக்பி பார்த்தவர்களுக்கு ஓரளவு விளங்கும். பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் அது 'டச்டவுன்'. பந்தோடு ஓடிய தூரத்தைக் கெஜத்தில் எண்ணுவார்கள். ஒரு கெஜம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு.

வெள்ளிக்கிழமை இரவு என்றால் டெக்ஸாஸில் ஊர் முழுக்க பாடசாலை மைதானத்தில்தான். எலன் என்ற நகரம் 2012இல் தன் பாடசாலைக்கு 60 மில்லியன் டொலரில், 18,000 பேர் உட்காரும் மைதானம் ஒன்றைக் கட்டித் திறந்தது. இரண்டே வருடத்தில் கொங்கிரீட்டில் வெடிப்பு என்று மூடித் திருத்த வேண்டியும் வந்தது. அவ்வளவு மோகம்.

இனி, அங்கே அடிக்கடி சொல்லப்படும் பெயர்களைப் பார்ப்போம்.

முதலாவது, கென் ஹோல். சுகர்லேண்ட் என்ற சிறிய ஊரின் பாடசாலை வீரர். 1950 முதல் 1953 வரை நான்கு பருவங்களில் பந்தோடு 11,232 கெஜம் ஓடினார். பத்துக் கிலோமீற்றருக்கும் மேல், அதுவும் தன்னை விழுத்த வருபவர்களுக்கு நடுவே. அந்த அமெரிக்கச் சாதனை 59 வருடங்கள் நின்றது. 2012இல் புளோரிடாவைச் சேர்ந்த டெரிக் ஹென்றிதான் அதை முறியடித்தார். எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுபவர்கள் ஹோலைத்தான் சொல்வார்கள்.

இரண்டாவது, கைலர் மரே. மேலே சொன்ன எலன் பாடசாலையின் வீரர். அவர் ஆரம்ப வீரராக இறங்கிய 42 ஆட்டங்களில் ஒன்றிலேனும் அணி தோற்கவில்லை. மூன்று முறை மாநிலக் கிண்ணம். தோல்வியே காணாதவரை விட யார் பெரியவர் என்று இளைஞர்கள் கேட்பார்கள்.

மூன்றாவது, எர்ல் கெம்பல். டைலர் நகரத்துப் பிள்ளை. அந்த ஊர் ரோஜாத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. கெம்பலின் குடும்பமும் அந்த ரோஜாக்களில் வேலை செய்து பிழைத்த குடும்பம். வீட்டில் பதினொரு பிள்ளைகள். சிறு வயதிலேயே தகப்பன் மௌத்தாகிவிட, தாய்தான் எல்லோரையும் வளர்த்தார். 1973இல் அவருடைய ஜோன் டைலர் பாடசாலை விளையாடிய 15 ஆட்டங்களிலும் வென்று மாநிலக் கிண்ணத்தை எடுத்தது. பிறகு பல்கலைக்கழக வீரர்களுக்கான ஹைஸ்மன் விருதை 1977இல் பெற்றார். தொழில்முறை ஆட்டத்தில் உழைத்த பணத்தில் தாய்க்கு வீடு கட்டிக் கொடுத்தார்.

மூவரில் யார்? எங்கள் ஆசிரியர் அறையிலேயே இதற்கு இரண்டு கட்சி.

கணிதம் படிப்பிப்பவர் ஹோலின் பக்கம். ஆனால் ஹோல் விளையாடியது சிறிய பாடசாலைகளின் பிரிவில். ஒரு ஆட்டத்தில் பதினொரு முறை மட்டும் பந்தை எடுத்து 520 கெஜம் ஓடியிருக்கிறார். அதைக் கேட்டால் ஹோல் பெரியவர் என்றும் தோன்றும், எதிரணி எவ்வளவு பலவீனம் என்றும் தோன்றும். மரேயின் பாடசாலையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவ்வளவு பேரில் இருந்து தெரிந்தெடுத்த அணிக்குத் தோல்வி வராததில் அவருடைய பங்கு எவ்வளவு, பாடசாலையின் பருமனுடைய பங்கு எவ்வளவு? ஆகவே எத்தனை என்பதோடு யாருக்கு எதிராக என்றும் கேட்க வேண்டும்.

இதை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதுதான் எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது. ஹோல் ஓடிய அந்த 1953இல், மைதானத்துக்குள் விடப்படாமல் இருந்தவர்கள் யார்?

டெக்ஸாஸின் பாடசாலை விளையாட்டுச் சங்கம் அந்தக் காலத்தில் வெள்ளையரின் பாடசாலைகளுக்கு மட்டும் உரியது. கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலைகளுக்குத் தனியான ஒரு சங்கம், பிரேரி வியூ என்ற பெயரில். வெள்ளிக்கிழமை இரவு மைதானம் வெள்ளையருக்கு என்பதால் இவர்கள் பல ஊர்களில் புதன், வியாழன் இரவுகளில் விளையாடினார்கள். நகரத்துப் பெரிய பத்திரிகைகள் இவர்களுடைய ஆட்டங்களைப் பெரிதாக எழுதவில்லை. 1967-68 கல்வியாண்டில்தான் இந்தப் பாடசாலைகள் பொதுச் சங்கத்துக்குள் வரத் தொடங்கின. 1970இல் பிரேரி வியூ சங்கமே முடிந்துபோனது.

அந்தச் சங்கத்தில் விளையாடியவர்கள் சில்லறை ஆட்கள் அல்ல. டெம்பள் நகரத்தின் டன்பார் பாடசாலையில் படித்த ஜோ கிரீன் பிற்காலத்தில் பிட்ஸ்பர்க் அணியோடு நான்கு முறை சூப்பர் போல் வென்றார். போமொன்ட் நகரத்தின் பப்பா ஸ்மித்துக்குத் தகப்பனே பயிற்றுவிப்பாளர். டெக்ஸாஸ் பல்கலைக்கழக அணி கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலம் என்பதால், அவர் தூர மிச்சிகனுக்குப் போய் விளையாடினார். 1967இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிவு செய்தபோது முழு அமெரிக்காவிலும் முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர்தான்.

டிக் லேன் என்ற இன்னொருவரின் கதை எங்களை அதிகம் உலுக்கியது. பச்சைக் குழந்தையாகக் கைவிடப்பட்டு, ஒரு வளர்ப்புத் தாயின் கையில் வளர்ந்தவர். ஒஸ்டின் நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான அண்டர்சன் பாடசாலையில் படித்தார். பிறகு இராணுவத்தில் இருந்தார், விமானத் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். 1952இல் ஒரு நாள் லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் அலுவலகத்துக்குள் தானாகவே நுழைந்தார். கையில் இருந்தது ஒரு கொப்பி. தன்னைப் பற்றி வந்த பத்திரிகைத் துண்டுகளை அதில் ஒட்டி வைத்திருந்தார். அணியில் சேர்த்துக்கொண்டார்கள். எதிரணி எறியும் பந்தை இடையில் பறிப்பதில் அந்த முதல் பருவத்திலேயே அவர் 14 என்ற எண்ணிக்கையை எட்டினார். அதை இன்றுவரை எவரும் தாண்டவில்லை.

அந்தக் கொப்பியை யோசித்துப் பாருங்கள். தன் திறமைக்குத் தானே சாட்சி சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய நிலை. அந்தக் கொப்பி இல்லாத எத்தனை லேன்கள் அந்தத் தொழிற்சாலையிலேயே ஓய்வு பெற்றிருப்பார்கள்?

ஆகவே 1967க்கு முந்திய எந்தப் பட்டியலும் அரைப் பட்டியல் என்பதே எங்கள் கருத்து. கென் ஹோலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் ஓடியது உண்மை. ஆனால் பந்தயத்துக்கே விடப்படாதவர்கள் இருக்கும்போது 'எல்லோரிலும் சிறந்தவர்' என்று யாரையும் சொல்வது நீதியாகாது.

எங்கள் தெரிவு எர்ல் கெம்பல். காரணம் இதுதான். நீதிமன்ற உத்தரவின் பேரில் 1970இல் டைலர் நகரத்தின் பாடசாலைகள் ஒன்றாக்கப்பட்டன. மூன்று வருடம் கழித்து அந்தக் கலப்புப் பாடசாலையின் அணியைத்தான் கெம்பல் கிண்ணம் வரை கொண்டுபோனார். கதவு எல்லோருக்கும் திறந்த பிறகு, எல்லோருக்கும் எதிராக விளையாடி வென்றவர். அந்த வெற்றிக்குத்தான் எங்கள் கணக்கில் நிறை அதிகம்.

ஆசிரியர்கள் என்ற வகையில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வீரரைப் பாடசாலை கொண்டாடுகிறது, சரி. பாடசாலை அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தது?

ஒடெஸ்ஸா நகரத்தின் பெர்மியன் பாடசாலையில் பூபி மைல்ஸ் என்ற மாணவர் இருந்தார். ஊரே அவரை அடுத்த நட்சத்திரம் என்றது. 1988 பருவம் தொடங்க முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் போனது. அதோடு ஊரின் அன்பும் குறைந்தது, பல்கலைக்கழகங்களின் அழைப்பும் நின்றது. பிஸிங்கர் என்ற எழுத்தாளர் 1990இல் வெளியிட்ட 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' நூலில் இது பதிவாகியிருக்கிறது. பதினெட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு வாழ்க்கை முடிந்துபோன மாதிரி ஆகிவிடுவதென்றால், பிழை முழங்காலில் மட்டுமா?

இதை டெக்ஸாஸ்காரரும் உணராமல் இல்லை. 1984இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு பாடத்தில் 70 புள்ளிக்குக் குறைந்தால் ஆறு கிழமைக்கு விளையாட முடியாது. பயிற்றுவிப்பாளர்களும் பெற்றோரும் கொதித்தார்கள், வழக்கும் போட்டார்கள். சட்டம் நின்றது. பிறகு ஆறு கிழமையை மூன்றாகக் குறைத்தார்கள். விளையாட்டைப் பறித்துத் தண்டிப்பது சரியா என்று எங்களுக்குள்ளேயே வாதம் உண்டு. சில பிள்ளைகளைப் பாடசாலைக்கு இழுத்து வருவதே பந்துதானே. ஆனால் பந்து நின்றுபோனால் பிள்ளையின் கையில் வேறொன்று இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு பேச்சில்லை.

கெம்பலும் இதற்குச் சாட்சி. தோற்றவனின் கதை என்று தள்ளிவிட முடியாது, வென்றவனின் கதை. அந்த உடம்பு பட்ட அடிகளால் பிற்காலத்தில் நடக்கவே சிரமப்பட்டு, சக்கர நாற்காலியையும் பயன்படுத்த வேண்டி வந்தது. கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வலி அவரோடு தங்கிவிட்டது.

இனி நமது மைதானத்துக்கு வருவோம். பிளேன்டீக் கோப்பையோடு சண்டை பிடித்த சகோதரர்களே, உங்கள் சண்டை நல்ல சண்டை. பிள்ளைகளைப் பற்றி ஊர் பேசுவது நல்லதுதான். ஆனால் நம்மிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. யார் எந்த வருடம் விளையாடினார், எத்தனை கோல் போட்டார் என்று ஒரு பதிவேடு இல்லை. கண்ணால் பார்த்தவர் மௌத்தானால் அந்த வீரரும் அவரோடு போய்விடுவார். சப்பாத்து வாங்க வசதியில்லாமல் அணிக்கு வராதவர், சாதாரண தரத்தோடு கடைக்கு வேலைக்குப் போனவர், எவரும் வந்து பார்க்காத வலைப்பந்தில் கிண்ணம் எடுத்த நமது பெண் பிள்ளைகள், இவர்களுடைய பெயர் எந்தச் சண்டையிலும் வருவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய சான்றிதழ், அணிப் படம், பத்திரிகைத் துண்டு, எது இருந்தாலும் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு கையிலேயே திருப்பித் தருவோம். ஒரு பெரிய கொப்பி வாங்கி வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ் இந்தத் தவணை முடிய முன் அதை நிரப்பத் தொடங்குவோம்.

அதற்குப் பிறகு யார் ஆகத் திறமானவர் என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை பிடிக்கலாம். பிளேன்டீ எங்கள் கணக்கில்.