தமிழ்த் தளங்களும் பூட்ஸ்டிராப்பும்: எங்கள் நிலைப்பாடு

தமிழில் இணையதளம் கட்டுகிற சிறு நிறுவனங்களும், தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களும் சேர்ந்தது எங்கள் கூட்டமைப்பு. எங்களுக்குள் நெடுநாளாக ஒரு கேள்வி இருந்துவருகிறது. பூட்ஸ்டிராப் போன்ற சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க்குகள் ஆங்கில எழுத்தை வைத்து அளவெடுத்துச் செய்யப்பட்டவை. தமிழ் அவற்றில் பாந்தமாக உட்காருவதில்லை. அப்படியானால் நமக்கென ஒன்றை நாமே எழுதிக்கொண்டால் என்ன?

வேண்டாம் என்பது எங்கள் முடிவு. பூட்ஸ்டிராப்பையே பயன்படுத்துவோம். தமிழுக்காக நாம் செய்கிற திருத்தம் ஒவ்வொன்றையும் அதன் மூலக் களஞ்சியத்தில் சேர்க்க முயல்வோம். அதற்குச் செலவாகும் நேரத்தைச் சம்பளம் உள்ள வேலைநேரமாகவே கணக்கில் வைப்போம். விடுமுறை நாளில், வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய தர்மகாரியமாக இதை யாரும் நினைக்கக் கூடாது.

தனி ஃபிரேம்வொர்க் கேட்டவர்களின் குறைகள் உண்மையானவை. பூட்ஸ்டிராப்பில் தலைப்புகளின் வரி உயரம் 1.2. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘கி’, ‘கீ’ போன்ற எழுத்துகள் மேலே வளைகின்றன. ‘கு’, ‘மூ’, ‘ழு’, ‘ஞ’ போன்றவை கீழே இறங்குகின்றன. தலைப்பு இரண்டு வரிக்குப் போனால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் கொண்டையும் முட்டிக்கொள்ளும். நீண்ட வரியை ஒரே வரியாக வெட்டி முப்புள்ளி வைக்கும் வசதி ஒன்று பூட்ஸ்டிராப்பில் உண்டு. அது பெட்டிக்கு வெளியே நீள்வதை மறைத்துவிடும் என்பதால், தலைப்பில் அதைப் போட்டால் எழுத்தின் அடிப்பகுதியும் வெட்டுப்படலாம். எண்ணிக்கை காட்டும் சின்னப் பேட்ஜுக்கு வரி உயரம் வெறும் 1. அதற்குள் ‘புதிது’ என்று எழுதிப் பார்த்தால் போதும், சிக்கல் கண்ணுக்கே தெரியும்.

எழுத்தின் தடிமனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தலைப்புகளுக்குப் பூட்ஸ்டிராப் வைத்திருக்கும் எடை 500. கணினிகளில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாதாரணம், தடிமன் என இரண்டு எடைகள்தான் நம்பகமாக இருக்கின்றன. 500 கிடைக்காவிட்டால் உலாவி முதலில் தேடுவது 400-ஐ. எனவே தலைப்பும் பத்தியும் ஒரே தடிமனில் வந்து நிற்கின்றன. எழுத்துரு வரிசையில் நோட்டோ சான்ஸ் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியடைகிறார்கள். அந்த எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் தனி எழுத்துரு. ஆக விண்டோஸில் நிர்மலா யுஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என் என்று அந்தந்தக் கணினி கொடுப்பதுதான் வாசகருக்குக் கிடைக்கிறது. இரண்டின் உயரமும் அகலமும் ஒன்றல்ல. இதோடு சொல் நீளமும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் எட்டெழுத்தில் முடியும் பட்டன் தமிழில் ‘பதிவுசெய்துகொள்ளுங்கள்’ என்று நீண்டு, சின்னக் கைபேசித் திரையில் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடுகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறோம்? மேலே சொன்னவை எல்லாம் சில மதிப்புகளை மாற்றினால் தீருபவை. ஃபிரேம்வொர்க்கின் கனம் அந்த மதிப்புகளில் இல்லை. ட்விட்டர் நிறுவனத்தில் மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் உள்வேலைக்காக எழுதிய கருவியே பூட்ஸ்டிராப்பாக 2011 ஆகஸ்ட்டில் திறந்த மூலமாக வெளிவந்தது. 2013-இல் வந்த மூன்றாம் பதிப்பு கைபேசித் திரையை முதலில் வைத்து மாற்றி எழுதப்பட்டது. 2018-இல் நான்காம் பதிப்பு லெஸ்ஸை விட்டு சாஸுக்கும், பழைய மிதவைக் கட்டத்தை விட்டு ஃபிளெக்ஸ்பாக்ஸுக்கும் மாறியது. 2021-இல் ஐந்தாம் பதிப்பு ஜேக்வெரியையும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரையும் கைவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஏதோ ஓர் உலாவியில் பட்டியல் திறக்கவில்லை, விசைப்பலகையால் மோடலை மூட முடியவில்லை, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் பட்டனைப் படிக்கவில்லை என்று யாரோ ஒருவர் எழுதிய புகார்கள் குவிந்து கிடக்கின்றன. இந்த உழைப்பைப் புதிதாக ஒரு சிறு குழுவால் ஈடுகட்ட முடியாது. முதல் பதிப்பை எழுதிவிடலாம், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஐந்தாம் ஆண்டில் வரும் புகாருக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பாரா என்பதே எங்கள் கவலை.

மொழிகளின் தேவையைக் கேட்டு பூட்ஸ்டிராப் தன்னை மாற்றிக்கொண்டதும் உண்டு. அரபு, எபிரேயம், உருது போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான ஆதரவு ஐந்தாம் பதிப்பில் வந்தது. அதற்காக ‘இடம்’, ‘வலம்’ என்றிருந்த வகுப்புப் பெயர்களையே ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்ற பொருள்பட மாற்றினார்கள். உலகெங்கும் இருந்த பழைய தளங்களுக்கு அது தொல்லை என்று தெரிந்தும் செய்தார்கள். அந்த மொழிக்காரர்கள் ஒதுங்கிப் போயிருந்தால் அது நடந்திருக்குமா? தமிழ்க்காரர்களும் உள்ளே போய்ப் பேச வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பயன்படுத்தும் முறையில் எங்கள் உறுப்பினர்களிடம் எதிர்பார்ப்பது இது. தொகுத்துச் சுருக்கிய சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து நேரடியாகக் கைவைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அவசரத்துக்கு ஒரு வரியை அங்கே மாற்றினால், பிறகு அந்தத் தளத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்ற யாருக்கும் துணிவு வராது. 2019 பிப்ரவரியில் டூல்டிப், பாப்போவர் பகுதிகளில் வெளியார் நிரல் நுழையக்கூடிய ஓட்டை ஒன்றை அடைத்து 3.4.1, 4.3.1 பதிப்புகள் வந்தன. மூன்றாம் பதிப்புக்கான ஆதரவே அதே ஆண்டு ஜூலையில் முடிந்துவிட்டது. கைவைத்த கோப்போடு நிற்கும் தளம் அந்த ஓட்டையோடு இன்றும் நிற்கக்கூடும். மாற்றங்களை சாஸ் மாறிகள் வழியாகவோ தனிக் கோப்பிலோ செய்தால் இந்த நிலை வராது.

உரிமம் பற்றியும் அலட்சியம் இருக்கிறது. பூட்ஸ்டிராப்பின் நிரலுக்கு எம்ஐடி உரிமம். விற்கலாம், மாற்றலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பதிப்புரிமைக் குறிப்பும் உரிமக் குறிப்பும் உடன் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கோப்பைச் சுருக்கும் கருவி அந்தக் குறிப்பையும் சேர்த்து அழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது உறுப்பினரின் பொறுப்பு. வாடிக்கையாளரிடம் ‘எல்லாமே எங்கள் சொந்த நிரல்’ என்று சொல்வதை இந்தக் கூட்டமைப்பு ஏற்காது.

இனி பங்களிப்பு. தமிழில் ஒரு குறை கண்டால், ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று ஒரு வரி எழுதிப் போடுவதால் பயனில்லை. பராமரிப்பாளர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எந்த எழுத்து எங்கே வெட்டுப்படுகிறது என்று படத்தில் குறித்துக் காட்டுங்கள். உலாவி, இயங்குதளம், எழுத்துரு மூன்றின் பெயரையும் எழுதுங்கள். குறை தெரிவதற்குத் தேவையான நிரலை மட்டும் விட்டு மற்றதை நீக்கிய ஒரு சிறு பக்கத்தை இணையுங்கள். இதே குறை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரிய மாற்றம் என்றால், எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். தொகுக்கப்பட்ட கோப்பைத் தொடாமல் மூல சாஸ் கோப்பில் மட்டும் மாற்றி புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். இவை பெரும்பாலும் பூட்ஸ்டிராப்பின் பங்களிப்பு வழிகாட்டியே கேட்பவைதான். நாங்கள் கூடுதலாகக் கேட்பது ஒன்று: செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த திருத்தத்தை உங்கள் கண்ணால் உண்மையான கைபேசியில் பார்க்காமல் அனுப்பாதீர்கள். அதைச் சரிபார்க்கும் சுமை, முன்பின் தெரியாத ஒருவர் தலையில் விழுகிறது.

ஆங்கில எழுத்துக்கு ஒரு மதிப்பு, தமிழுக்கு வேறு மதிப்பு என்றால் பொதுவான மதிப்பையே மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயமாகாது. சாஸ் மாறியாக இல்லாத ஒன்றை மாறியாக்கித் தரும்படி கேட்கலாம். அதனால் தமிழ் மட்டுமல்ல, தாய், பர்மியம், கெமர் என்று மேலும் கீழும் குறி கொண்ட எழுத்துகள் அனைத்துக்கும் வழி பிறக்கும். நம் திருத்தங்கள் ஏற்கப்பட வாய்ப்பும் அப்படித்தான் கூடும்.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். இன்னொரு ஃபிரேம்வொர்க்கான டெயில்விண்ட் சிஎஸ்எஸ்ஸின் பயன்பாடு பெருகிக்கொண்டே இருந்தபோதும் வருமானம் சரிந்து, பொறியாளர் குழுவில் பெரும்பாலோரை விடுவிக்க நேர்ந்ததாக அதன் நிறுவனர் ஆடம் வாதன் 2026 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னார். இலவசமாகக் கிடைப்பதைக் காப்பவர்களும் வாடகை கொடுத்து வாழ்பவர்களே. பூட்ஸ்டிராப்புக்கு ஓப்பன் கலெக்டிவ் வழியாக நன்கொடை அளிக்கலாம். தொகை சிறியதாக இருந்தாலும் அதைத் தளச் செலவில் ஒரு வரியாக எழுதி வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் எழுதுகிறோமே, அதே பட்டியலில். முடியாதவர்கள் மாதத்தில் ஒரு வேலைநாளைக் குறைப் பதிவுகளைச் சோதிப்பதற்கு ஒதுக்கினாலும் அது பங்களிப்புதான். ஆவணங்களைத் தமிழாக்குவதும் அப்படியே. அவை மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன.

நாம் அனுப்புவது எல்லாமே ஏற்கப்படும் என்று நாங்கள் உறுதி தரவில்லை. மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள், சண்டை வேண்டாம். அத்தகைய திருத்தங்களை, தமிழ் என்று மொழிக்குறி இட்ட பகுதிகளுக்கு மட்டும் பொருந்தும் ஒரு துணைக் கோப்பில் சேர்த்து, அதே எம்ஐடி உரிமத்தில் பொதுவில் வைப்போம். மூலத்தில் ஒரு திருத்தம் ஏற்கப்படும்போதெல்லாம் துணைக் கோப்பிலிருந்து அந்த வரிகளை நீக்கிவிடுவோம். எந்த உறுப்பினரும் அதைத் தன் பெயரில் தனி ஃபிரேம்வொர்க்காக விற்பதற்கு எங்கள் ஆதரவு கிடையாது.