படம் பார்ப்பதற்கா? கும்பிடுவதற்கா?

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள காரவள்ளியில் வீடு கட்டுகிறவரானாலும் சரி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய்ச் செம்மேட்டில் குடியிருக்கிறவரானாலும் சரி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் நாலு படம் வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்படுகின்றார். அது நல்ல ஆசைதான். ஆனால் அந்தப் படம் மாட்டப்படும் இடம் எது? மோட்டு வளைக்குச் சமீபத்தில், தலைக்குமேல் இரண்டு முழ உயரத்தில், முன்பக்கம் சாய்த்து மாட்டப்படுகிறது. ஏன்? கீழே நிற்பவன் அண்ணாந்து கும்பிட வேண்டுமென்பதற்காகவே. பார்ப்பதற்கென்று மாட்டினால் கண்ணுக்கு நேராக அல்லவா மாட்டுவான்?

நிற்க. இந்தப் படங்கள் வந்த வழியைப் பார்ப்போம். 1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா என்ற ஓவியர் லட்சுமி, சரஸ்வதி முதலிய உருவங்களைத் தைல வர்ணத்தில் எழுதினார். அவற்றைப் பதினாயிரக் கணக்கில் அச்சடிக்க 1894-ல் பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் வைத்தார். அது பின்பு லோணாவ்லாவுக்குப் பக்கத்திலுள்ள மலவ்லிக்குப் போயிற்று. பிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியர் கைக்கும் மாறிற்று. வர்ணத்துக்கு ஒரு கல்லாக, பல கற்களில் அழுத்தி எடுத்த தாளுக்கு மெருகு பூசி, கான்வாஸ் துணியின் இழை தெரியும்படி உருளையால் அழுத்துவார்கள். இதற்குத்தான் ஓலியோகிராப் என்று பெயர். ஆகவே, கான்வாஸ் படமென்பது நமது வீடுகளுக்குப் புதிதல்ல. அன்று துணிபோல் தோன்றும் தாள். இன்று மை தெளிக்கும் யந்திரம் துணியிலேயே அடித்துத் தருகிறது. வித்தியாசம் அவ்வளவே.

கல்லச்சு மசையில் மிருகக் கொழுப்புச் சேருவது வழக்கம். அச்சடித்தவன் என்ன ஜாதி, குளித்தானா, தீட்டா என்று எவரும் கேட்டதில்லை. எந்த ஆகமப்படியும் பிரதிஷ்டை இல்லை. இருந்தும் அந்தத் தாளுக்குக் கற்பூரம் காட்டினார்கள். கோவில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்களும் அதே படத்தை வாங்கிச் சென்று தங்கள் சுவரில் மாட்டினார்கள். மதுரை மீனாட்சி கோவிலுக்குள் அவர்கள் நுழைந்தது 1939-ல். சென்னை மாகாணத்தில் எல்லாக் கோவில்களையும் திறந்துவிடும் சட்டம் வந்தது 1947-ல். அதற்கு நாற்பது ஐம்பது வருஷங்களுக்கு முன்பே அச்சு யந்திரம் அந்தச் "சாமி"யை எல்லோர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டது. சாமி ஓடிப் போய்விடவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அப்படியானால் கருவறையில் மாத்திரம் ஒருவன் தொட்டால் தீட்டு என்பது எந்த நியாயம்? படம் வாங்கிய ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்த மலைக்கே ஒரு பாடம் உண்டு. கொல்லிப்பாவை என்ற உருவத்தைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கின்றார்கள். அதைச் செய்த பெருமை தெய்வத்துக்கும் பூதத்துக்கும் கொடுக்கப்பட்டது. அதைச் செய்தவன் மனிதனாயிருந்தால் அவனுக்கு என்ன கிடைத்தது? கைவேலைக்காரனை மறந்து கைவேலையைக் கும்பிடுவது நமக்கு அவ்வளவு பழைய வியாதி.

கும்பிடுவதால் படத்துக்காவது க்ஷேமமுண்டா என்றால் அதுவுமில்லை. விளக்குப் புகையும் ஊதுவத்திப் புகையும் படத்தைக் கருக்கிவிடுகின்றன. கண்ணாடி போட்ட படத்தில் வைத்த சந்தனப் பொட்டைத் துடைக்கலாம். கான்வாஸில் கண்ணாடி கிடையாது, வைத்த பொட்டு வைத்ததுதான். மழையும் மூடுபனியும் உள்ள மலையில் துணி ஈரம் குடித்துத் தொய்யும், பூஞ்சை பிடிக்கும். ஆகவே, நாலு மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்து அடிக்க வேண்டும். ஈரச் சுவரில் ஒட்ட மாட்டாமல், பின்புறம் நாலு மூலையிலும் சிறு தக்கை வைத்துக் காற்றோட வழி செய்ய வேண்டும். நேர் வெயில் பட்டால் வர்ணம் வெளுக்கும். தாள் படமானால் கண்ணாடி தாளில் ஒட்டாதபடி நடுவில் அட்டை விளிம்பு கொடுக்க வேண்டும். இந்த ஜாக்கிரதை பத்து ரூபாய்ப் படத்துக்கும் வேண்டும். பதினாயிரம் ரூபாய்ப் படத்துக்கும் வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் சுவரில் லட்சுமி இருக்கின்றாள், சரஸ்வதி இருக்கின்றாள். உயிரோடு அடுப்படியிலும் கொல்லையிலும் உழைக்கும் உங்கள் தாயாரின் படம் எங்கே? படம் எடுத்தால் ஆயுசு குறையுமென்பது ஒரு மூடத்தனம். செத்த பிறகு மாலை போட்டுத்தான் மாட்ட வேண்டுமென்பது இன்னொரு மூடத்தனம். ரவிவர்மா தம் தேவிகளை எழுத உயிருள்ள பெண்களைத்தான் முன்னால் வைத்துப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்துக்குத் தேவி என்று பெயரிட்டால் கும்பிடுகின்றோம். அதே மாதிரிப் பெண் நம் வீட்டில் இருந்தால் சாப்பாட்டில்கூடக் கடைசிப் பந்தி வைக்கின்றோம். இதற்குப் பெயர் பக்தியா?

எனவே தோழர்களே, படம் வாங்குங்கள். நன்றாகச் சட்டம் போடுங்கள். மலையையும் அருவியையும் மாட்டுங்கள். உங்கள் பெண்குழந்தை எழுதிய சித்திரத்தையும் மாட்டுங்கள். எழுதியவர் பெயரைக் கீழே குறியுங்கள். தாயாரின் படத்தை அவர் இருக்கும்போதே, அவர் கண்ணுக்கு நேராக, அவரே பார்த்துச் சந்தோஷப்படும்படி மாட்டுங்கள். அதற்குக் கற்பூரமும் வேண்டாம், மாலையும் வேண்டாம். ஓர் ஆணியும் கொஞ்சம் அறிவும் போதும்.