நூற்புழு மேல் ஏன் பழி?

நூற்புழு என்றாலே காவிரிக் கடைமடையில் முகம் சுளிப்பார்கள், வேரைக் கெடுக்கிற சனியன் என்று. அந்தப் பெயரைச் சுமக்கிற பாவத்துக்கு, பயிரைத் தொடாமல் பூச்சியை மட்டும் கொல்கிற நூற்புழுவும் சேர்ந்து அடி வாங்குகிறது. கேட்டால், "வெளிநாட்டுப் புழுவை எல்லாம் நம்ம மண்ணில் விடுவதா?" என்கிறார்கள். எது வெளிநாடு? ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகா கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு, 1992இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. நம்மூர்ச் சரக்குதான்!

காரைக்காலில் சம்பா அறுவடை முடிந்ததும் தரிசில் உளுந்து நிற்கும். அதில் விழுகிற புரொடீனியா புழு பகலில் மண்வெடிப்பில் ஒளிந்துகொண்டு ராத்திரி இலையைத் தின்னும். கூட்டுப்புழுவாவதும் மண்ணுக்குள்தான். மேலே அடிக்கிற மருந்து அங்கே எட்டுவது அரைகுறை. இந்த நூற்புழுவுக்கோ வீடே மண்தான். அரை மில்லிமீட்டர் நீளம். புழுவின் வாய், மூச்சுத்துளை வழியாக நுழையும். இல்லாவிட்டால் மெல்லிய தோலைத் தன் பல்லால் கீறிக்கொண்டு போகும். உள்ளே போனதும், குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவைக் கக்கும். கொல்லும் வேலை பெரும்பாலும் அந்த பாக்டீரியாவுடையது. ஒன்றிரண்டு நாளில் புழு காலி. செத்த உடம்பு செங்கல் நிறமாகிவிடும் (இருட்டில் மங்கலாக ஒளிரக்கூடச் செய்யும்!). அதைத் தின்று பெருகி, சில வாரங்களில் ஆயிரக்கணக்கான குட்டிகள் வெளியே வரும். எந்த மருந்து பாட்டில் குட்டி போடுகிறது?

இதை உச்சி வெயிலில், காய்ந்த வயலில் தெளித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்? வெயிலும் வறட்சியும் அதற்கு எமன். சாயங்காலம், ஈர மண்ணில் விட வேண்டிய உயிரைப் பரணில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் சாகாமல் என்ன செய்யும்? இயற்கை விவசாய மேடைகளில் இதைச் சர்வரோக நிவாரணியாக விற்கிறவர்களும் இந்தக் கெட்ட பெயருக்குப் பொறுப்பு.

எண்டோசல்ஃபானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மோனோகுரோட்டோபாஸ் மீது 2023இல் மத்திய அரசின் தடை ஆணை வந்தது. அதுவரை இரண்டுக்கும் வயல் திறந்தே கிடந்தது. நூற்புழுவிடம் மட்டும் ஆயிரம் கேள்வி!

நியாயமான கேள்வி ஒன்று உண்டு. கடைமடைக் களிமண்ணில் இது நகர்வது சிரமம். தரிசு உளுந்தில் ஈரமும் சீக்கிரம் வற்றிவிடும். அப்படியானால் விதைத்து எத்தனையாவது நாள் விடுவது, ஏக்கருக்கு எவ்வளவு? அதைத் திருநள்ளாற்று வயலிலோ நெடுங்காட்டு வயலிலோ, விவசாயி கண் முன்னால் விட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாவட்டத்துக்குள்ளேயே அரசு வேளாண் கல்லூரி இருக்கிற ஊரில், தூரம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.